விலைக்கு வாங்கிய நிலமும் ஊரார் வரைந்த நிலமும்

கணினி விளையாட்டொன்றைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனொருவன் எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். நன்னூல் படிப்பிப்பவனுக்கு ஆகாயவிமானத்தில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டுவரை யானும் அவ்வாறே கேட்டிருப்பேன். எங்கள் கல்லூரி மாணவன் ஒருவனை, கொடுத்த பயிற்சியை எழுதாது வந்த காரணம் யாதென வினவியபோது, "பலாலி ஓடுபாதையைக் கீறிக்கொண்டிருந்தனான், ஐயா" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று, கீறியதைக் காட்டு என்றேன்.

விமானமோட்டும் அநுபவத்தை வீட்டுக் கணினியிலே பாவனை செய்து காட்டும் நிகழ்ச்சிகளைச் சிமுலேற்றர் என்கின்றனர். பொருள் நம்மவர்க்குப் புதிதேயன்றி உலகிற்குப் புதிதன்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் முதற் பதிப்பு 1982 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதில் விமானம் சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் என்னுஞ் சிறு நிலையத்திலிருந்து எழும். கீழே தெரியும் நகரமோ சில கோடுகளே. பின்வந்த பதிப்புகளில் விமானம் திருந்தத் திருந்த, அதன் கீழே விரியும் நிலமும் திருந்தவேண்டியதாயிற்று. அந்நிலத்தைச் 'சீனறி' என்று வழங்குகின்றனர். யான் நிலக்காட்சி என்றெழுதுகிறேன். மாணவனுக்கு என் சொல் பிடிக்கவில்லை.

நிலக்காட்சி அடுக்கடுக்காக அமைவது. அடியில் மேடுபள்ளம், 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடமொன்று ராடர் கொண்டு பூமியின் பெரும்பகுதியை அளந்த பின்னர் அவ்வேலை எளிதாயிற்று. அதன்மேல், பாய் விரித்தாற்போல, நிலத்தின் படம். பழைய பதிப்புகளில் அது பெரும்பாலும் உண்மைப் படமன்று. இது வயல், இது காடு, இது நகர் என வகுத்து, வகைக்கொரு சித்திரத்தை ஒட்டிவிடுவார்கள். (நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோரின் நினைவு எனக்கு வந்தது. ஆயினும் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய மரத்தையும் பறவையையும் வேறுவேறாகச் சொல்லிவைத்தனர்.) இன்று செய்மதிப் படத்தையே விரிக்கின்றனர். அதற்கும் மேலே வீடு, மரம், கோபுரம், ஓடுபாதை. சிக்கல் எழுவது இந்த மேலடுக்கிலேதான்.

2020 ஓகஸ்டில் வெளிவந்த மைக்ரோசொப்ற் பதிப்பு உலகம் முழுவதையும் உள்ளடக்கியது. ஏறத்தாழ 37,000 விமான நிலையங்கள். 150 கோடி கட்டடங்கள். அத்துணை கட்டடங்களை மனிதர் வரைதல் இயலுமா? ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்து நிறுவனமொன்றின் இயந்திரம், மேலிருந்து எடுத்த படத்திற் கூரையைக் கண்டு சுவரை ஊகித்துக்கொண்டது. விளைவு யாதெனின், இலண்டனில் அரசியின் அரண்மனை அலுவலகக் கட்டடம்போல நின்றது. வாஷிங்டன் நினைவுத்தூண் அடுக்குமாடியாயிற்று. கையினாற் செப்பமாகச் செய்த விமான நிலையங்களோ விலைகூடிய பதிப்பிற்கூட 40 மாத்திரமே.

எஞ்சியவற்றைச் செய்வார் இரு திறத்தார். ஒரு திறத்தார் விற்பவர். அவுஸ்திரேலியாவிலும் ஜேர்மனியிலும் இதனையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல்லாண்டுகளாக உள. ஒரு நிலையத்தின் நிலக்காட்சிக்கு 15, 20, 25 டொலர் என்று விலை வைக்கின்றன. அவற்றைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. மாணவன் தன் மாமனார் வாங்கியனுப்பிய ஒன்றைக் காட்டினான். ஓடுபாதையிற் சில்லுகள் தேய்த்த கறுப்புத் தடமும், மழைநீர் தேங்கிய பள்ளமும், இரவில் ஒவ்வொரு விளக்கின் நிறமும் கண்டு வியந்தேன். சிமுலேற்றர் புதுப்பதிப்பு வருங்காற் பழைய நிலக்காட்சி பழுதுபடுதல் உண்டு. விலை வாங்கியவர் பெரும்பாலும் அதனைத் திருத்திக் கொடுக்கிறார். ஆனால் விற்பவன் வாங்குவோனைப் பார்த்தே வரைவான். இலண்டனுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் ஒருவர்க்கு மேற்பட்டோர் போட்டியிட்டு வரைந்துள்ளனர். ஒரே ஓடுபாதையும் சில சேவைகளுமே உள்ள ஊரை வரைந்து எவர்க்கு விற்பது?

மற்றைத் திறத்தார் அவ்வவ்வூரார். எக்ஸ்பிளேன் என்னும் வேறொரு சிமுலேற்றருக்கு விமான நிலையங்களை எவரும் வரைந்து அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டவை பின்வரும் பதிப்புகளோடு யாவர்க்கும் இலவசமாகச் செல்கின்றன. என் மாணவன் செய்துகொண்டிருந்ததும் அத்தகைய முயற்சியே. அவனிடமிருந்த நிகழ்ச்சியிற் பலாலி இல்லாமலில்லை. ஓடுபாதை கிடந்தது. அதன் அருகே எந்நாட்டுக்கும் பொருந்தும் ஒரு கட்டடம். சுற்றிலும் யாரோ ஐரோப்பியர் குடியிருக்கும் சிற்றூர்போல வீடுகள். பனை ஒன்றுதானும் இல்லை. மரத்தொகுதியிலே தேடிப் பார்த்தானாம். தென்னை இருந்ததாம், பனை இல்லையாம். தன் வளவிலே நின்ற பனையைப் படம்பிடித்து, ஓலையை வேறாகவும் அடிமரத்தை வேறாகவும் வெட்டியெடுத்துத் தானே ஒரு மரத்தை ஆக்கினான். அதற்கே மூன்று கிழமை சென்றது. நன்னூற் பயிற்சி எழுதப்படாமற் போனதும் அம்மூன்று கிழமையிலேதான்.

2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட இடமாயினும், பலாலி படைமுகாமை அடுத்த நிலம். கமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுதல் தகாது. ஆதலின் பத்திரிகைகளில் வந்த படங்களைக் கொண்டும், சென்னைக்குப் போய்வந்தவர்களை வினவியும் கட்டடத்தைச் செய்தான். முகாமின் பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறான். கூரையின் நிறத்தைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொன்னார்கள் என்று குறைப்பட்டான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஊரார் வரைந்தது என்பதனாலேயே அது மெய்யாகிவிடாது. அதே 2020 இல், மெல்பேண் நகரின் வடபால் தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே, ஊசிபோல வானளாவிய ஒரு கோபுரத்தைக் கண்டு உலகெங்கும் உள்ளோர் வியந்தனர். அதன் உச்சியில் விமானத்தை இறக்கவும் முயன்றனர். தன்னார்வலர் வரையும் பொதுத் தேசப்படமொன்றில், மாணவர் ஒருவர் ஒரு கட்டடத்தின் மாடிகளை 2 என்று எழுதக் கருதி 212 என்று எழுதிவிட்டார். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையைப் பதிப்பாசிரியன் அறியாது அச்சேற்றியது போன்றது இது. வேறொரு தன்னார்வலர் அப்பிழையைக் கண்டு முன்னரே திருத்தியிருந்தார்; சிமுலேற்றரைச் செய்தவர்கள் திருத்தத்துக்கு முந்திய பிரதியைக் கொண்டு போயிருந்தனர். பிழைத்தவரும் தன்னார்வலரே, திருத்தியவரும் தன்னார்வலரே.

மாணவன் தன் வேலையைக் காட்டிக்கொண்டே விமானத்தை ஓடுபாதைக்குக் கிழக்கே திருப்பினான். யான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அங்கேதான் எங்கள் வீடு இருந்தது. 1990 ஆனியில் அதைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு இருபது வயது. பல ஆண்டுகளின் பின் காணி விடுபட்டுச் சென்று பார்த்தவேளை வீடு இல்லை. பற்றையும் கிணறுமே இருந்தன. திரையிலும் அவ்வாறே பச்சைப் பற்றை தெரிந்தது. செய்மதி பொய் சொல்லவில்லை.

"தம்பி, இங்கே ஒரு நாற்சார் வீடு இருந்தது, அதை வை" என்றேன்.

"இப்ப இல்லையே, ஐயா. மேலாலை போறவனுக்கு என்ன தெரியுமோ அதைத்தான் வைக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. மாணவனுடன் வாதாடுதல் முறையன்று என்பதை மறந்து வாதாடினேன். வாதத்தில் அவனே எனக்கு உதவினான் என்று சொல்லவேண்டும். யான் முன்னே குறிப்பிட்ட மெய்க்ஸ் நிலையம் இப்போது இல்லை. 2003 மார்ச்சில் ஓர் இரவில் நகரபிதாவின் ஆணையால் இயந்திரங்கள் வந்து ஓடுபாதையைக் கிண்டிவிட்டன. முதன்முதல் அங்கிருந்தே பறக்கக் கற்றவர்கள் அதன்பின் வந்த சிமுலேற்றர்களுக்கு அந்நிலையத்தை மீண்டும் வரைந்துகொண்டார்கள். ஹொங்கொங்கின் கைராக் நிலையம் 1998 யூலையில் மூடப்பட்டது. மாடிவீடுகளின் மேலாகத் தாழ்ந்து திரும்பி இறங்கும் அந்நிலையத்தையோ விற்பனை நிறுவனமொன்றே மூடிய பின்னர் செய்து விற்றது. இல்லாத ஓடுபாதைக்கு வாங்குவோர் இருந்தனர். இல்லாத வீட்டுக்கு எவர் இருப்பார்?

மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்ப இரண்டாகச் செய்வம், ஐயா. ஒன்று இப்ப உள்ளது. மற்றது 1989. விரும்பினவை மற்றதைப் போட்டுப் பாக்கட்டும்" என்றான். இப்போதுள்ளதில் எங்கள் கிணற்றை வைத்திருக்கிறான். கட்டு இடிந்த பக்கம் எதுவென்று கேட்டு, அவ்வாறே வைத்தான்.

1989 இன் வேலை ஆறு மாதமாக நடக்கிறது. அயலார் பலர் அவனிடம் வருகிறார்கள். கடதாசியில் தம் வளவின் எல்லையைக் கீறிக் கொடுக்கிறார்கள். கனடாவிலிருந்து ஒருவர் கலியாணப் படமொன்றை அனுப்பினார். மணமக்களை அவன் பார்க்கவில்லை, பின்னால் நின்ற வேலியைப் பார்த்தான். சென்ற ஞாயிறு என்னிடம் வந்து, "உங்கட வாசலிலை எத்தினை படி, ஐயா?" என்றான். ஐந்து என்றேன். அக்காவோ, உள்ளேயிருந்து, ஆறு என்றார். அடியிற் கிடந்த கருங்கல்லையும் எண்ணவேண்டுமாம். யான் அதனைப் படியாக ஒருநாளும் எண்ணியதில்லை. மாணவன் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, கொழும்பிலிருக்கும் என் தம்பியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிச் சென்றான்.