அடுக்களைச் சாமான்கள் – 14: இரட்டைச் சுவரும் ஒரு சல்லடையும்

போன வாரம் பித்தளை பில்டரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். இந்த வாரம் பிரெஞ்சு பிரஸ். அதிலும் கண்ணாடிக் குடுவை இல்லை. இரண்டு எவர்சில்வர் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் வைத்து, ‘மணிக்கணக்கில் சூடு ஆறாது’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிற வகை. வீட்டுக்கும் ஆயிற்று, வெளியூர் போனால் காருக்கும் ஆயிற்று என்றுதான் இதை வாங்கத் தோன்றும். அந்த எண்ணத்தில் பாதி சரி.

தெரியாதவர்களுக்காக: கொரகொரப்பாக அரைத்த காபித்தூளைப் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு சல்லடை பூட்டிய பிளஞ்சரை மேலிருந்து அழுத்தினால் தூள் அடியில் ஒதுங்கும். மேலே நிற்பதை ஊற்றிக் குடிக்கலாம். 1852-ல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இப்படியொரு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1929-ல் மிலான் நகரத்து கலிமானியும் மொனேட்டாவும் வாங்கினார்கள். 1958-ல் ஃபாலியெரோ பொண்டானினி பதிவு செய்த வடிவம்தான் பிரான்சில் ஒரு கிளாரினெட் தொழிற்சாலையில் தயாராகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. வாத்தியம் செய்கிற இடத்தில் காபிப் பாத்திரம்! உலோகத்தை இழைத்துப் பொருத்தத் தெரிந்த கைகளுக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். இன்னொரு பக்கம், திரவமாக்கிய வாயுக்களைக் குளிர்ச்சி போகாமல் வைத்திருக்க ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892-ல் வெற்றிடக் குடுவையைச் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டார். 1904-ல் ஜெர்மானியர்கள் அதைத் தெர்மாஸ் என்று கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த இரண்டு வம்சத்துக்கும் நடந்த கல்யாணத்தில் பிறந்ததுதான் நாம் இப்போது பார்க்கும் சாமான்.

பெட்டியில் அச்சடித்திருக்கிற ‘மணிக்கணக்கில் சூடு’ விஷயத்துக்கு வருவோம். பிளஞ்சரை அழுத்தியதும் தூளும் காபியும் பிரிந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். பிரியவில்லை. அடியில் கிடக்கும் மண்டியும் மேலே நிற்கும் காபியும் சல்லடைக் கண்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சூடு இருக்கிற வரை தூளிலிருந்து சாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் நல்லது இறங்கும், அப்புறம் கசப்பு. கண்ணாடிக் குடுவையில் காபி சீக்கிரம் ஆறுவதால் இந்த வேலை தானாகவே மெதுவாகிவிடுகிறது. இரட்டைச் சுவர் அந்தச் சலுகையைத் தராது. சுவர் எவ்வளவு உசத்தியோ, மீதி வைத்த காபி அவ்வளவு கசக்கும். அதனால் இதைப் பிளாஸ்க்காக நினைத்து வாங்காதீர்கள். அரைமணிக்குள் குடித்து முடிப்பதாக இருந்தால் பிரஸ்ஸிலேயே இருக்கட்டும். அதற்கு மேலே என்றால், அழுத்திய கையோடு வேறு பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள்.

அப்படியானால் இரட்டைச் சுவர் எதற்கு? அந்த முதல் நாலு நிமிடத்துக்கு. தண்ணீர் 92-லிருந்து 96 டிகிரிக்குள் இருக்கையில் காபி நன்றாக இறங்கும். ஒற்றைக் கண்ணாடியில் ஊறும்போதே சூடு இறங்கிவிடுகிறது. வெற்றிடச் சுவரில் அது மட்டுப்படுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. பாத்திரத்தை முதலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட வேண்டும். உள்சுவர் எஃகு கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், அறைச் சூட்டில் இருக்கும் அந்த எஃகு அரை லிட்டர் வெந்நீரிலிருந்து மூன்று நான்கு டிகிரியை விழுங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய சூட்டை முதல் நிமிடமே பாத்திரத்துக்குக் கொடுப்பானேன்?

இன்னொரு லாபம், உடையாது. பிரஸ்களுக்குப் போடும் போரோசிலிகேட் கண்ணாடி கொதிநீருக்கு அசையாது. சிங்க் குழாயின் மூக்கில் ஒரு தட்டு பட்டால் போய்விடும்.

கடையில் ‘டபுள் வால்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெறும் காற்று மட்டும் இருக்கிற சாமான்களும் அதே பெயரில்தான் வருகின்றன. வெற்றிடம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கொதிநீரை நிரப்பி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். வாய்ப்பக்கம் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு, இரண்டு சுவரும் அங்கேதான் சேர்கின்றன. நடு உடம்பு சுட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆறிய காபியைச் சுடவைக்கலாம் என்று இதை அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மூடிய வெற்றிடச் சுவரை நெருப்பில் வைப்பது ஆபத்து.

சுவருக்கு இவ்வளவு போதும். என்னைக் கேட்டால், காசைச் சல்லடைக்குக் கொடுங்கள் என்பேன்.

பிளஞ்சரின் அடித்திருகைக் கழற்றினால் மூன்று தட்டுகள் கையில் வரும். கீழே ஓட்டை போட்ட தட்டு, நடுவில் மெல்லிய கம்பி வலை, மேலே விளிம்பில் ஸ்பிரிங் சுற்றிய தட்டு. அந்த ஸ்பிரிங்தான் வலையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. காலிப் பாத்திரத்தில் பிளஞ்சரை இறக்கிப் பாருங்கள். வழியெல்லாம் ஒரே சீராக, லேசான பிடிமானத்தோடு இறங்க வேண்டும். ஓரிடத்தில் தொளதொளத்தால் அங்கேதான் தூள் ஏறும். கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும். எவர்சில்வர் உடம்பில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது, கைக்குத்தான் தெரியும். கனடாவின் எஸ்ப்ரோ பிரஸ்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நுண்வலைக் கூடைகள். ஓரத்தில் சிலிகான் பட்டை. வண்டல் வெகுவாகக் குறைகிறது. விலை கூடத்தான், கழுவுகிற வேலையும் கூடத்தான். சாதாரண மூன்று தட்டு வகை வாங்கினால், உதிரி வலை தனியாகக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பாத்திரம் பத்து வருஷம் வரும். வலையின் ஓரம் அதற்கு வெகுமுன்பே பிரிந்துவிடும்.

எவ்வளவு நல்ல வலையும் நம்மூர் பில்டர் தூளிடம் தோற்றுப்போகும். அது மைய அரைத்தது, போதாததற்குச் சிக்கரி வேறு. வலையை அடைத்துக்கொள்ளும். அடைத்த பிளஞ்சரைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் கொதிக்கும் காபி மூக்கு வழியே பீறிட்டுக் கையில் கொட்டும். காபிப்பொடிக் கடையில் தனியாகச் சொல்லி வாங்க வேண்டும்.

“அண்ணே, பிரஸ்ஸுக்கு. சிக்கரி வேண்டாம், ரவை மாதிரி கொரகொரன்னு ஓட்டுங்க.”

“அப்படி ஓட்டினா டிகாஷன் இறங்காதேம்மா.”

“பில்டருக்கு இல்லண்ணே, இது ஊறவெச்சுக் குடிக்கிறது.”

இந்த உரையாடலுக்கு ஒவ்வொரு முறையும் தயாராக இருங்கள்.

அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள். நாலு நிமிடத்தில் மேலே தூள் ஏடு கட்டி நிற்கும். ஒரு ஸ்பூனின் முதுகால் அதை மெல்லத் தள்ளுங்கள். ஏடு பிளந்து, உள்ளே அடைந்திருந்த மணம் குபீரென்று வரும், தூள் தானாக மூழ்கத் தொடங்கும். மிதக்கும் நுரையை எடுத்துப் போட்டுவிட்டு இன்னும் நாலைந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிளஞ்சரை அடிவரை அழுத்தாமல், காபியின் மேல்மட்டத்தைத் தொட்டாற்போல நிறுத்தி ஊற்றலாம். ஜேம்ஸ் ஹாஃப்மன் என்ற ஆங்கிலேயக் காபி நிபுணர் பிரபலமாக்கிய முறை இது. இந்தக் கூடுதல் நிமிடங்களில் கண்ணாடிப் பிரஸ்ஸில் காபி ஆறிப்போகும். இரட்டைச் சுவருக்கு உண்மையான வேலை கிடைப்பது இங்கேதான்.

அளவில் ஒரு சூட்சுமம். ‘8 கப்’ என்று போட்டிருக்கும் பிரஸ் ஒரு லிட்டர்தான். அவர்கள் கணக்கில் கப் என்பது 125 மில்லி. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். ஆக 60 கிராம் தூள் போட்டால் 120 மில்லி அடியிலேயே நின்றுவிடும். வீட்டில் இரண்டு பேர் என்றால் அரை லிட்டர் போதும். பெரிய பிரஸ்ஸில் கொஞ்சமாகப் போட்டால் சல்லடை அடிவரை எட்டாமல் பாதிக் காபி மண்டியோடு தங்கிவிடும். அமெரிக்காவின் ஸ்டான்லி விற்கும் 1.4 லிட்டர் பிரஸ் கூட்டமாக வெளியே போகிறவர்களுக்கு; தனியாளுக்கு அது சுமை.

வெளியே என்றதும் மலைதானே நினைவுக்கு வருகிறது? ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்ததும் ஆறவிடாமல் ஊற்றிவிடுங்கள். 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் 88-தான். அங்கே சூட்டைக் காக்காத பாத்திரத்தில் நல்ல காபி வருவது கஷ்டம். நம் காடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஸ்டவ்வை வீட்டில் வைத்துவிட்டு, வெந்நீரைப் பிளாஸ்க்கில் கொண்டுபோக வேண்டியதுதான். சில மணி நேரத்தில் அது 90-க்குக் கீழே வந்திருக்கும். தூளைக் கொஞ்சம் பொடியாக அரைத்து, ஊறும் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டினால் சரியாகிவிடும். பிரஸ்ஸின் மூக்கு திறந்தது என்பதும் நினைவிருக்கட்டும். காபியோடு காரில் சாய்த்து வைத்தால் சீட்டெல்லாம் காபிதான். மூடி இறுக்கமான டம்ளர் வடிவப் பிரஸ் ஒழுகாது. ஆனால் குடிக்கக் குடிக்க மண்டி கூடவே வரும், அதனால் சீக்கிரம் குடிக்க வேண்டும்.

பால் காபிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது தரும் காபி டிகாஷன் அல்ல. மேலே சொன்ன அளவில் போட்டுப் பாதிக்குப் பாதி பால் ஊற்றினால் கழுநீராகிவிடும். தூளை அரை லிட்டருக்கு 50, 60 கிராமாக ஏற்றி, பாலைக் குறைத்தால் ஓரளவு தேறும். பில்டர் ருசியேதான் வேண்டும் என்கிறவர்கள் பித்தளைக்கே திரும்பலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

கொலஸ்ட்ரால் இருக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். கம்பி வலை பிடிக்காது. அந்த எண்ணெய் வலையில் தங்கினால் சிக்குவாடையும் அடிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது தட்டுகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். மண்டியைச் சிங்க்கில் கொட்டினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிவரும், செடிக்குப் போட்டுவிடுங்கள்.

(தொடரும்)