கதகளி நடிகன் உருவாகும் விதம்

மகாகவி வள்ளத்தோள் அவர்கள் 1930ஆம் ஆண்டு நிறுவிய கேரள கலாமண்டலம் இன்று பாரதப்புழைக் கரையிலே செறுதுருத்தியில் இயங்குகின்றது. ஆங்குக் கதகளி பயிலும் மாணவன் வைகறையில் எழுந்து, கண்ணில் நெய்யிட்டு, விழிகளை மேலும் கீழும் வட்டமாகவும் சுழற்றிப் பழகுகின்றான். மாரிக்காலத்தில் அவனுடலில் எண்ணெய் பூசி, ஆசிரியர் தம் பாதங்களால் அழுத்தி உருவுவர். நோவு மிகுந்ததே; ஆயினும் முழங்கால் மடித்து நெடுநேரம் நின்றாட உடல் வளைந்து கொடுத்தல் வேண்டுமன்றோ?

கதகளி நடிகன் உரையாடுவதில்லை. பாடகர் பின்னின்று பாட, 24 முத்திரைகளாலும் கண்ணாலும் முகத்தாலுமே கதையை உணர்த்துகின்றான். விழி பழகாவிடின் கதையே இல்லை. ஆதலின் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது. பரிசளிப்பு விழாவுக்கென இரு கிழமையில் நாடகம் பழக்கி மேடையேற்றும் ஆசிரியருள் நாமும் ஒருவரே. இதனை எழுதுங்கால் சிறிது நாணுகின்றோம்.