நடப்பவருக்குத் தனி வழி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் பேருந்து ஓடாது. மற்ற நாட்களில் லாரியும் பேருந்தும் ஆட்டோவும் முட்டி மோதிக்கொண்டு போகிற நெடுஞ்சாலை அது. அன்றைக்கு மட்டும் வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். குறுக்கே தடுப்புகள் வந்துவிடும். அக்னி லிங்கம் தாண்டி, தட்சிணாமூர்த்தி கோயில் தாண்டி, ஆசிரம வாசலைக் கடந்து லட்சக்கணக்கான கால்கள் போகும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம். பாதிப்பேர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். பலருக்குக் கண் மலை மேலே இருக்கும், சாலையில் இருக்காது. தோளில் தூங்கும் குழந்தை, கையில் அம்மாவின் கை. இவர்களிடம் போய், “வண்டி வரும், பார்த்து நடங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் விடிவதற்குள் என்ன ஆகும்? அதனால்தான் நிர்வாகம் நடப்பவரைத் திருத்தப் பார்ப்பதில்லை, வண்டியை அப்புறப்படுத்துகிறது.

இதே மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் தினமும் கம்பெனி பஸ்களில் போகிறவர்கள் ஏராளம். காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உள்ளே போனதும் நடக்கிற தரையில், அதே நேரத்தில், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுகிறது. அங்கே பல இடங்களில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, “அக்கா, ஓரமா போங்க” என்கிற குரல்தான். இந்த வாரம் அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஓட்டுபவரின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே மாஸ்ட் என்கிற இரட்டை இரும்புத் தூண். அதன் நடுவே சங்கிலி, ஹைட்ராலிக் குழாய்கள். அதற்கும் முன்னால் பேலட் என்கிற சரக்குத் தட்டில் அட்டைப் பெட்டிகள் கண் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டிகளுக்கு அந்தப்புறம் ஒரு ஆள் நின்றால், ஓட்டுபவருக்கு அவர் இல்லவே இல்லை. கவனக்குறைவு என்று அவர்மேல் பழி போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். சரக்கு பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது விதி. எட்டு மணி நேரம் கழுத்தைத் திருப்பியபடி ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்த விதியின் வலி தெரியும்.

அடுத்தது எடை. இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை, நான்கு டன் வரும். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாகப் பின்னால் வார்ப்பிரும்பு வைத்திருப்பதால் இவ்வளவு கனம். நம் சாலையில் ஓடும் சின்ன காரைப் போல மூன்று நான்கு மடங்கு. காலில் ஏறினால் பாதுகாப்பு ஷூவும் தாங்காது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். ஆளைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும். ஓங்கி மிதித்தாலோ வண்டியின் தூக்கு முள்ளில் இருக்கும் சரக்கு சரிந்து அந்த ஆள் மேலேயே விழலாம்.

கார் ஓட்டத் தெரிந்தவர்களையும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. இந்த வண்டி பின்சக்கரத்தில் திரும்புகிறது. முன்பக்கம் இடதுபுறம் திரும்பும்போது பின்பக்கம் வலதுபுறம் வீசும். “வண்டி அந்தப் பக்கம்தானே போகுது” என்று பக்கத்தில் நம்பி நிற்பவரை அந்த வார்ப்பிரும்புப் பின்பகுதி ரேக்கோடு சேர்த்து நசுக்கிவிடும். ஓட்டுபவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, பக்கத்தில் நடப்பவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. கூட்டுகிற அம்மாவுக்கும், கேன்டீனிலிருந்து டீ கொண்டுவரும் பையனுக்கும் சேர்த்து, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு முறை திருப்பிக் காட்டினால் போதும். பத்து நிமிட வேலை.

ஹாரன் இருக்கிறதே, ரிவர்ஸ் சத்தம் இருக்கிறதே, தரையில் நீல வெளிச்சம் விழுகிறதே என்பார்கள். எல்லாம் நல்லதுதான். நீல விளக்கு வண்டிக்குச் சில மீட்டர் முன்னாலேயே தரையில் விழுவதால், திருப்பத்துக்கு அந்தப்புறம் இருப்பவருக்கு வண்டி வருவது முன்கூட்டியே தெரியும். ஆனால் நாலு வண்டி நாள் முழுக்க ஓலமிடும் கிடங்கில் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும். மெஷின் இரைச்சலுக்காகக் காதடைப்பான் போட்டிருப்பவருக்கோ ஆரம்பத்திலிருந்தே விழாது. தரையில் போட்ட மஞ்சள் கோடு வண்டியைத் தடுக்காது. மூன்று மாதத்தில் டயர் அதைத் தேய்த்துவிடும். மிச்சம் இருக்கும் கோட்டின் மேல் காலி பேலட்டை அடுக்கிவிடுவார்கள். நடப்பவர் வேறு வழியில்லாமல் வண்டிப் பாதையில் இறங்குவார்.

கிரிவலப் பாதையில் செய்வதைக் கிடங்கிலும் செய்ய முடியும். நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவே, வண்டி இடித்தாலும் தாங்கும் இரும்புத் தடுப்பு வேண்டும். கடக்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவாக, வெளிச்சமாக, இரண்டு பக்கமும் பார்வை தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். முக்கியமாக வாசல். பெரும்பாலான கிடங்குகளில் வண்டி போகும் ஷட்டர் வழியாகத்தான் ஆட்களும் போகிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே வரும் ஓட்டுநருக்குச் சில நொடிகள் கண் இருட்டும். அந்த நொடிகளில்தான் ஆள் வெளியே வருவார். பக்கத்துச் சுவரில் ஆட்களுக்கென்று தனிக் கதவு போட்டு, கதவைத் திறந்ததும் நேரே வண்டிப் பாதையில் கால் வைக்க முடியாதபடி குறுக்கே ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தால், பெரிய செலவில்லை. கொத்தனாரும் வெல்டரும் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

சுவர் எழுப்ப இடமில்லாத சின்ன கம்பெனிகள் நேரத்தைப் பிரிக்கலாம். ஷிப்ட் மாறும்போதும் சாப்பாட்டு மணி அடித்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் வெளியே வருவார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் எல்லா வண்டியும் முள்ளைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிட்டு நிற்கட்டும். “லோடு ஏத்தணும், லாரி காத்திருக்கு” என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். இந்த அவசரத்துக்கு அனுமதி இல்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. ஓட்டுநரை மணிக்கு இத்தனை பேலட் என்று விரட்டிவிட்டு, சுவரில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இப்போது வரும் பல வண்டிகளில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் பலகைக்கு வேலை இல்லை.

எல்லோரும் மறக்கிற ஒருவர் உண்டு: லாரியோடு வரும் ஓட்டுநர் அல்லது கிளீனர். அந்தக் கம்பெனிக்குப் புதிது, எந்தப் பக்கம் வண்டி வரும் என்று தெரியாது, பயிற்சி கொடுத்தவர் யாரும் இல்லை. சரக்கு ஏறும்போது சரியாக ஏற்றுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார், தார்ப்பாயை அவிழ்ப்பார், தண்ணீர் தேடுவார், ஒதுங்க இடம் தேடுவார். முன்னால் வரும் சுமைக்கும் லாரிக்கும் நடுவே நிற்பார். கேட்டுக்குப் பக்கத்திலேயே மின்விசிறி, குடிநீர், கழிப்பறையோடு ஒரு அறை கட்டி, ஏற்றி முடிக்கும்வரை லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் அவர் உள்ளே அலைய வேண்டிய தேவையே வராது. இதைச் செய்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்; மரியாதையும் பாதுகாப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்ப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அங்கே பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் ஃபோர்க்லிஃப்ட் சாவியைத் தொட முடியாது. பாதுகாப்புச் சுவரொட்டிகள் தமிழிலும் இருக்கும். அங்கும் சாவுகள் நின்றுவிடவில்லை. பணியிட உயிரிழப்புகள் கூடியதால் 2022 செப்டம்பரிலிருந்து 2023 மே வரை அரசு தனிக் கண்காணிப்புக் காலமே அறிவித்தது. உயிர் பறித்த காரணங்களில் வாகன விபத்துகள் முன்வரிசையில் இருந்தன. அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் திறமையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் கிடங்குகளிலோ, “தம்பிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும்” என்பதே தகுதியாகிவிடுகிறது.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்த திருத்தம், தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. ஆகவே நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கேளுங்கள்: ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார், நடப்பவர் பாதை வரைபடம் எங்கே மாட்டியிருக்கிறது, இடித்தும் இடிக்காமலும் தப்பிய சம்பவங்களை எழுதும் பதிவேடு உண்டா. பதிவேடு இல்லை என்றால் ரேக்கின் கால்களைக் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உரிந்து, இரும்பு உள்வாங்கியிருக்கும் இடமெல்லாம் வண்டி ஏற்கனவே இடித்த இடம். அங்கே ஆள் நிற்காததால் செய்தியாகவில்லை. அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, செல்போனில் படம் எடுத்து, பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மேஜைமேல் வையுங்கள். முதல் தடுப்புக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதை அந்தப் படங்களே காட்டிவிடும்.

(தொடரும்)