காவிரிப் படுகையில் வீட்டு வழங்கி: பழைய கணினிகளும் ஆய்வுத் தரவுப் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

கள ஆய்வில் திரட்டப்படும் ஒலிப்பதிவுகள், சுவடிப் படங்கள், தட்டச்சுப் படிகள் ஆகியவை பெரும்பாலும் ஆய்வாளரின் ஒரே மடிக்கணினியில் தங்கிவிடுகின்றன. பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட கணினியையும் வலையமைப்புக் கருவிகளையும் கொண்டு வீட்டிலேயே வழங்கி அமைத்துக்கொள்ளும் ஆர்வலர்களின் நடைமுறை இக்குறையைப் போக்க உதவும். தஞ்சை வட்டாரச் சூழலில் அந்நடைமுறை இயங்கும் முறையையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வீட்டு வழங்கி, வலையமைப்பு, படி எடுத்தல், ஒருங்குறி, காவிரிப் படுகை.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றைப் பதிப்பித்தார். பல இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டே அப்பதிப்புகள் உருவாயின. தஞ்சை சரசுவதி மகால் போன்ற அரண்மனை நூலகங்களும் திருவாவடுதுறை போன்ற மடங்களும் சுவடிகளைக் காத்தன. அவற்றுடன் புலவர்களின் வீடுகளும் சுவடிக் காப்பிடங்களாக விளங்கின. ஒரு நூலின் படிகள் பல இடங்களில் இருந்தமையே அது அழியாமல் எஞ்சியதற்குக் காரணம் எனலாம்.

இன்றைய நிலை இதற்கு மாறானது. நடவுப் பாடல், தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஆய்வாளரிடம் பெரும்பாலும் ஒரே படிதான் உள்ளது. பாடிய மூதாட்டி மறைந்தபின் அப்பதிவை மீண்டும் எடுக்க இயலாது. எனவே தரவு இழப்பு என்பது சான்றின் இழப்பே ஆகும்.

வீட்டு வழங்கி: விளக்கம்

வழங்கி என்பது பிற கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துத் தரும் கணினியாகும். அதற்குத் தனிச்சிறப்பான கருவி தேவையில்லை. பத்தாண்டு பழைய கணினியில் லினக்சு இயங்குதளத்தை நிறுவி, அதனை ரூட்டருடன் கம்பிவழி இணைத்தால் வீட்டு வழங்கி அமைந்துவிடும்.

இதன் கொள்ளளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். குறுந்தகட்டின் தரத்தில் செய்யப்படும் ஒலிப்பதிவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணிநேரப் பதிவுக்கு 635 மெகாபைட் தேவை. ஆகவே, பழைய 500 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றில் 700 மணிநேரத்திற்கு மேற்பட்ட பதிவுகளைச் சேமிக்கலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுடைய பழைய ஸ்விட்ச் வழியாக ஒரு மணிநேரப் பதிவை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படியெடுக்க முடியும்.

இத்தகைய உள்வலையம் இணையத் தொடர்பு இல்லாதபோதும் இயங்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் 1998இல் தொடங்கிய தகவல் மையங்கள் இதற்கு முன்னோடியாகும். வில்லியனூரை நடுவமாகக் கொண்ட அம்மையங்கள் வானொலி அலைவழியும் சூரிய ஆற்றலின் துணைகொண்டும் இணைக்கப்பட்டன.

மின்சாரமும் பருவமழையும்

வழங்கி இடையறாது இயங்குவது. 70 வாட் கொள்ளும் மேசைக்கணினி இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கிடைக்கும் 100 யூனிட் முழுவதும் இதற்கே செலவாகிவிடும். 20 வாட் கொள்ளும் மடிக்கணினிக்கு 29 யூனிட் போதும். மேலும், அதன் மின்கலம் குறுகிய மின்தடையின்போது யுபிஎஸ் போலப் பயன்படும். 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். மின்கலம் உப்பியிருப்பின் அதனை அகற்றிவிட்டே பயன்படுத்த வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமன்றி வலையமைப்புக் கம்பி வழியாகவும் கருவிகளைத் தாக்கும். முறையான நிலஇணைப்பும், இடியின்போது கம்பிகளைக் கழற்றிவைக்கும் வழக்கமும் இன்றியமையாதவை. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலால் படுகையின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய சூழலில் ஓர் ஊரில் உள்ள ஒற்றை வழங்கி போதுமான பாதுகாப்பாகாது.

முகவரிச் சிக்கல்

வீட்டிலுள்ள வழங்கியை வெளியூரிலிருந்து அணுகுவதில் ஒரு தடை உண்டு. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே தரவல்லது. அவற்றின் உலகளாவிய மையத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. ஆகவே, இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. ஒரு தெருவுக்கே ஒரு கதவிலக்கம் இருந்தால் கடிதம் உரிய வீட்டை அடையாதது போன்ற நிலை இது. ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துவதாலோ, வயர்கார்டு போன்ற மறையாக்கச் சுரங்கவழியை அமைப்பதாலோ இத்தடையைக் கடக்கலாம்.

பழைய ரூட்டர்களில் பிறிதொரு குறை உண்டு. தயாரிப்பாளர் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தியபின் அவை தாக்குதலுக்கு எளிதில் உள்ளாகும். லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரூட்டர் ஒன்றின் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டதை அடுத்து, 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறமூல மென்பொருள் தோன்றியது. ஏற்புடைய பழைய கருவிகள் பலவற்றில் இதனை நிறுவிப் பாதுகாப்பைப் புதுப்பிக்கலாம்.

படிகளும் பாடவேறுபாடும்

வன்தட்டில் உள்ள தரவு ஓசையின்றிச் சிதையக்கூடும். ஒவ்வொரு கோப்பிற்கும் கணக்கிட்டு வைக்கப்படும் சரிபார்ப்பெண், சிதைவு நேர்ந்ததை அறிவிக்கும். சிதைந்ததைச் சீராக்க இன்னொரு நல்ல படி தேவை. பாடவேறுபாட்டைத் தீர்க்கப் பதிப்பாசிரியர் பல சுவடிகளை நாடுவதும் இதே அடிப்படையில்தான். 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட லாக்ஸ் திட்டம், பல நூலகங்களின் எளிய கணினிகளில் ஒரே இதழின் படிகளை வைத்து, அவற்றைத் தம்முள் ஒப்பிடச் செய்து, பழுதுபட்டதைச் செப்பம் செய்கிறது. தனியாள் அளவில் மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேற்றூரில் என்னும் நெறி இதற்கு ஈடாகும். தஞ்சாவூரில் ஒன்றும் மதுரையில் ஒன்றுமாக இரு ஆய்வாளர்கள் ஒருவர் தரவை மற்றவர் காக்கலாம்.

பிட்டுகள் பிழைத்தாலும் எழுத்து பிழைக்காமல் போவதுண்டு. பாமினி முதலிய எழுத்துருக்களிலும் டாம், டாப் குறியாக்கங்களிலும் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் உரிய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆதலால், மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒருங்குறிப் படியையும் உடன் சேர்த்தல் வேண்டும்.

வரம்புகள்

வீட்டுக் காப்பகத்தின் பெருங்குறை அதன் உரிமையாளரின் வாழ்நாள் ஆகும். புலவர் மறைந்தபின் அவர் வீட்டுச் சுவடிகள் கேட்பாரற்றுப் போனதைப் போலவே, கடவுச்சொல் அறியாத குடும்பத்தாரின் கையில் வழங்கியும் பழைய இரும்பாகிவிடும். உள்ளடக்கப் பட்டியலையும் அணுகும் முறையையும் தாளில் எழுதி நம்பகமான ஒருவரிடம் ஒப்படைப்பது இன்றியமையாதது. பாடியவர்களின் இசைவு எந்த அளவினது என்பதையும் அப்பட்டியலில் குறிக்க வேண்டும். இசைவில்லாப் பதிவுகளைப் பொது இணையத்தில் திறந்துவைத்தல் அறமன்று.

முடிவுரை

வீட்டு வழங்கி பல்கலைக்கழகக் காப்பகத்திற்கோ நூலகத்திற்கோ மாற்றாகாது. ஆய்வு முடிந்து தரவு நிறுவனத்தை அடையும் வரை உள்ள பல ஆண்டுக்கால இடைவெளியில் அதனைக் காக்கும் இடமாக அது அமையும். கருவியின் புதுமையைக் காட்டிலும் படியெடுத்தல், சரிபார்த்தல், கையளித்தல் ஆகிய மூன்று பழக்கங்களே தரவைக் காக்கின்றன. முனைவர்பட்ட ஆய்வாளர்க்கு ஆய்வு நெறிமுறைப் பாடத்தின் ஒரு பகுதியாக இவற்றைக் கற்பிப்பது பயனளிக்கும்.