காதல், மர்மம், மாயம், புராணம்: கொங்கு வாசகர் எந்த நாவலில் தொடங்கலாம்?

ஜூலை பிறந்தால் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா. ஆகஸ்ட் வந்தால் ஈரோட்டில். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோட்டு விழாவுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். அரங்குகளில் நிற்கும் விற்பனையாளர்கள் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்க, எடுத்தா முடிச்சுட்டுத்தான் வைக்கோணும்ங்கற மாதிரி நாவல் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

கேட்பவருக்கேற்ப கேள்வியின் நிறம் மாறும். ஒருவருக்குக் காதல் கதை வேண்டும். வெப் சீரிஸ் பார்த்துப் பழகியவருக்குக் கொலையும் துப்பறிதலும் வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ படம் பார்த்த சூட்டோடு வருபவர் வாளும் குதிரையும் தேடுவார். இன்னொருவர் மகாபாரதத்தைப் புதிதாகச் சொல்லும் புத்தகம் கேட்பார். பெரும்பாலும் இவர்கள் கையில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட பரபரப்பு நாவல் ஒன்று போய்ச் சேர்கிறது. அதில் தவறில்லை. ஆனால் காதலுக்கும் மர்மத்துக்கும் மாயத்துக்கும் புராணத்துக்கும் கோவையைச் சுற்றிய கொங்கு வட்டாரத்திலேயே முதல்தரமான பதில்கள் இருக்கின்றன. அவற்றில் சில உலக அரங்கில் போட்டியிட்டுத் திரும்பியவை.

மர்ம நாவலிலிருந்து தொடங்குவதுதான் கோவைக்குச் செய்யும் நியாயம். தமிழில் ‘க்ரைம் கதை’ என்றதும் நினைவுக்கு வரும் ராஜேஷ்குமார் இந்த ஊர்க்காரர். 1947இல் பிறந்தவர், இயற்பெயர் கே.ஆர்.ராஜகோபால். 1980இல் ‘மாலைமதி’யில் வந்த ‘வாடகைக்கு ஓர் உயிர்’ அவருடைய முதல் நாவல். அதன்பின் அவர் எழுதியவை 1,500ஐத் தாண்டிவிட்டன. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை வாங்கி, கோவையில் ஏறி ஈரோட்டில் இறங்குவதற்குள் முடித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. துப்பறியும் விவேக்கும் அவன் மனைவி ரூபலாவும் அந்தத் தலைமுறைக்கு வீட்டு மனிதர்களைப் போல.

அவர் கையாண்ட உத்தி எளிமையானது, ஆனால் பிடி விடாதது. ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் மாறி மாறி ஓடி, கடைசிப் பக்கங்களில் ஒன்றோடொன்று மோதும். அறிவியல், மருத்துவச் செய்திகளைக் குற்றத்தோடு பின்னுவது அவருடைய இன்னொரு பழக்கம். 2017இல் அறிவழகன் இயக்கத்தில் அருண் விஜய் நடித்த ‘குற்றம் 23’ அவருடைய நாவலிலிருந்து பிறந்த படம்தான். இலக்கிய விமர்சகர்கள் இந்த எழுத்தை நீண்ட காலம் ஒதுக்கியே வைத்தார்கள். ஆனால் வாசிப்புக்குள் முதன்முதலாக ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்ததில் ராஜேஷ்குமாருக்கு இணையாக இந்த வட்டாரத்தில் யாரையும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து இயங்கும் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மாத நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டபோது அவருக்கும் அதில் இடம் கிடைத்தது.

ராஜேஷ்குமாரைப் படித்து முடித்தவர் அடுத்து எங்கே போவது? தேவிபாரதியின் ‘நிழலின் தனிமை’க்குப் போகலாம். அரசுப் பள்ளியில் எழுத்தராக வேலை பார்க்கும் ஒருவன், பல ஆண்டுகளுக்கு முன் தன் அக்காவைச் சீரழித்த கருணாகரன் என்ற வட்டிக்காரரை எதிர்பாராமல் சந்திக்கிறான். பழிவாங்க வேண்டும் என்பது சிறு வயதிலேயே எடுத்த முடிவு. ஆனால் நெருங்க நெருங்க அந்த மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே அவன் சிக்கிக்கொள்கிறான். யார் குற்றவாளி என்பது முதலிலேயே தெரிந்துவிட்ட பிறகும் பக்கத்துக்குப் பக்கம் பதற்றம் ஏறிக்கொண்டே போகிறது. துப்பாக்கியோ போலீஸ் ஜீப்போ இல்லாமல் ஒரு த்ரில்லர் எழுத முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று காண்பது கடினம். ந.கல்யாண் ராமன் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். இதே தேவிபாரதிக்குத்தான் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காக 2023ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கொங்கு நாட்டின் நாவிதர் சமூகத்தைப் பற்றிய நாவல் அது.

பழசுதான் என்றாலும் ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ பெயரை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1942இல் வந்த இந்தச் சிறிய நாவலைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்பார்கள். கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. பாகப்பிரிவினைப் பேச்சு வீட்டுத் திண்ணையில் தொடங்கிக் கொலைவரை போகும் விதத்தை இன்றைய திரைக்கதை ஆசிரியர்கள் உட்கார்ந்து பாடம் படிக்கலாம்.

இனி காதல். தமிழில் காதல் நாவலின் பெரும் வாசகக் கூட்டத்தை உருவாக்கியவர் ரமணிசந்திரன். கோபக்காரக் கதாநாயகன், சுயமரியாதையுள்ள கதாநாயகி, இடையில் ஒரு தப்பெண்ணம், கடைசியில் கல்யாணம் என்ற அவருடைய அச்சு இன்று கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. பிரதிலிபி போன்ற செயலிகளிலும் கிண்டிலிலும் தினம் ஓர் அத்தியாயம் என்று எழுதுகிறவர்களும் காத்திருந்து படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் நடக்கும் வாசிப்பு அது. மட்டமாகப் பேச அதில் எதுவும் இல்லை.

கொங்கு மண்ணின் காதல் கதை அப்படிச் சுபமாக முடிவதில்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) அதைத்தான் சொல்கிறது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், நகரத்தில் வளர்ந்த சரோஜாவைத் திருமணம் செய்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். பெண் எந்தச் சாதி என்பதுதான் ஊரின் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, கடைசிக் கேள்வியும்கூட. குமரேசனின் அம்மா ஒப்பாரியாகவே பேசிக்கொண்டிருக்கிறாள். பாறைமேல் தனித்து நிற்கும் வீட்டில் சரோஜா ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் கேட்டு நடுங்குகிறாள். காதல் கதையாகத் தொடங்கும் இந்த நாவல் பாதியிலேயே த்ரில்லராக மாறிவிடுகிறது. எழுத்தாளர் செய்த வித்தையாக மட்டும் அதைப் பார்க்க முடியாது, இந்த மண்ணின் நிலவரமே அப்படித்தான் இருக்கிறது. சாதி கடந்து காதல் மணம் செய்து உயிரிழந்த தருமபுரி இளவரசனுக்கு இந்த நாவல் காணிக்கையாக்கப்பட்டிருப்பது அதனால்தான் பொருந்துகிறது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல் இது. இருநூறு பக்கங்களைச் சுற்றிவரும் சிறிய புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதிலிருந்து மீளத்தான் நாளாகும்.

மனம் கனக்காத காதல் வேண்டுமென்றால் அஜிதனின் ‘மைத்ரி’ (2022) இருக்கிறது. இமயமலைப் பயணத்தில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான்; மலையும் மழையும் ஆறும் அவளும் அவனுக்கு ஒன்றாகக் கலந்துபோகிறார்கள். நிதானமான நடை, அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. நேரெதிர்த் திசையில், விஜயமங்கலம் பக்கத்து வாய்ப்பாடியிலிருந்து எழுதும் வா.மு.கோமுவின் ‘சாந்தாமணியும் இன்னபிற காதல் கதைகளும்’. கொங்குப் பேச்சு அப்படியே பக்கத்தில் இறங்கியிருக்கும். பாலியல் பேச்சும் வெளிப்படையாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் புத்தகமல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாய உலகக் கதைகளைப் பொறுத்தவரை தமிழின் நிலை கொஞ்சம் சங்கடமானது. ஆங்கிலத்தில் இருப்பதுபோல இதற்கென்று தனி அலமாரி இங்கே இன்னும் உருவாகவில்லை. மாயாஜாலம் கேட்பவர் கையில் சரித்திர நாவலைக் கொடுப்பதே வழக்கம். சு.வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ அந்த வகையில் இன்று அதிகம் விற்கும் புத்தகம். ‘ஆனந்த விகடன்’ தொடராக வந்து நூலாகி, ஒரு லட்சம் படிகள் விற்றதற்கான விழா 2025 ஜூலையில் ரஜினிகாந்த் பங்கேற்க நடந்தது. பறம்பு மலையின் செடிகொடிகளும் விலங்குகளும் அதில் மந்திரத் தன்மையோடு எழுதப்பட்டிருக்கின்றன. கற்பனை உலகத்தை அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பிய தமிழ் நாவல் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997). கோயிலும் நகரமும் தத்துவ விவாதங்களும் சேர்ந்த பெருநாவல். முதல் வாசிப்புக்கு ஏற்றதல்ல.

முதல் வாசிப்புக்கு ஏற்றது ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) நாவலில் பூதாகரமான மனிதன் ஒருவன், வறண்ட காட்டில் வாழும் கிழவரிடம் கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கதை நடப்பது அசுரர்களின் நாட்டில். அங்கே ஆட்டுக்குட்டி பிறந்தாலும் அரசாங்கத்தில் பதிந்து காது குத்தியாக வேண்டும். வெள்ளாமை பொய்த்த ஆண்டில் மேய்ச்சல் எப்படி இருக்கும், குட்டி விற்ற காசை எப்படி எண்ணுவார்கள் என்பதெல்லாம் பட்டியில் ஆடு கட்டிய எவருக்கும் உடனே புரியும். மாயக்கதை என்ற பெயரில் கொங்கு நாட்டு மானாவாரி வாழ்க்கையையே பெருமாள்முருகன் எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். அதே புத்தகம் அறுபது வயதுக்காரருக்கும் வேறொரு கதை சொல்லும்.

அந்த ஆட்டுக்குட்டி பிறந்ததற்குப் பின்னால் ஒரு புராண நாவல் இருக்கிறது. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவையும் பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியையும் வைத்து 2010இல் வந்த ‘மாதொருபாகன்’, நான்கு ஆண்டுகள் கழித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவர் எழுதிய முதல் நாவல்தான் ‘பூனாச்சி’. சர்ச்சையை மட்டும் கேள்விப்பட்டு நாவலைப் படிக்காதவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கணவன் மனைவி அன்பை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய புத்தகத்தை அவர்கள் ஒருமுறையேனும் முழுதாகப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

கொங்கு நாட்டின் சொந்த இதிகாசம் என்றால் அது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை, கொம்பன் பன்றி, வீரமலை, படுகளம் என்று உடுக்கை ஒலியோடு இரவிரவாகப் பாடப்படும் கதை இது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி 1965இல் இதை ஒலிநாடாவில் பதிந்தார். கவிஞர் சக்திக்கனல் 1971இல் ஏட்டிலிருந்து பதிப்பித்தார். மு.கருணாநிதி ‘பொன்னர்-சங்கர்’ நாவலாக்கினார். 2011இல் அது பிரசாந்த் நடித்த படமாகவும் வந்தது. ஆனால் தங்கையின் கண்வழியாகவோ, எதிர்த் தரப்பு வேட்டுவர்களின் கண்வழியாகவோ இந்தக் கதையை முழு வீச்சில் சொல்லும் பெரிய நாவல் இன்னும் எழுதப்பட வேண்டும். இந்த வட்டாரத்தின் இளம் எழுத்தாளர்களுக்காகக் காத்திருக்கும் கதை அது.

மகாபாரதம் தேடுபவர்களுக்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’. 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலைவரை நாள்தோறும் இணையத்தில் வெளியான, 26 நாவல்கள் கொண்ட வரிசை. எழுதியவர் நாகர்கோவில்காரர் என்றாலும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் ஆண்டுதோறும் விருது விழா நடத்துவது கோவையில்தான். 26 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ‘முதற்கனல்’ ஒன்றை மட்டும் எடுத்து, அம்பையின் கதையைப் படித்துப் பார்க்கலாம். பிடித்தால் தொடரலாம். இணையத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்றவற்றுக்குக் கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது; 1977இல் மு.வேலாயுதம் தொடங்கியது. காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பவருக்கு ஆர்.எஸ்.புரத்தில் மாவட்ட மைய நூலகம். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் இந்த வரிசையை முயன்று பார்க்கலாம்: வார இறுதிக்கு ஒரு ராஜேஷ்குமார், அடுத்து ‘பூனாச்சி’, பிறகு ‘நிழலின் தனிமை’, மனதைத் தயார்படுத்திக்கொண்டு ‘பூக்குழி’. வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் மட்டும் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம். ‘பூக்குழி’யையே முதலில் படியுங்கள்.