சிற்றுயிர்ச் சரித்திரம் – 9: கறிவேப்பிலைப் புழு

கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் இனமாக்கிக்கொள்ளும் குளவி என்று நம் முன்னோர் சொன்ன உவமை, வேதாந்த விசாரத்துக்கு எவ்வளவு பொருத்தமாயினும் பிராணி சாஸ்திரத்துக்கு ஒவ்வாது என்றும், கூட்டில் அடைபடும் புழு குளவிக் குஞ்சுக்கு ஆகாரமாகவே போகிறது என்றும் சென்ற இதழில் பார்த்தோம். மெய்யாகவே ரூபம் மாறும் புழுவைக் காண விரும்புகிறவர், கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியண்டை போனால் போதும்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் கடுகளவு முட்டையொன்றை ஒட்டிவிட்டுப் போகிறது. சில நாளில் வெளிவரும் புழு, நான்கு பருவம் வரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இலைமேல் கிடந்து, தன்னைத் தின்ன வரும் பறவையின் கண்ணையே ஏமாற்றுகிறது. ஐந்தாம் பருவத்திலோ இலையின் பச்சையைப் பூண்டுவிடுகிறது. அப்போது தலையின் பின்புறத்தை ஈர்க்குச்சியால் இலேசாகத் தொட்டால், பாம்பின் நாவைப்போல் இரண்டாகப் பிளந்த செந்நிற உறுப்பொன்று சட்டென்று நீண்டு, நெடியை வீசிவிட்டு, மறுபடி உள்ளே மடங்கிக்கொள்ளும்.

தின்றது போதுமென்றானதும் குடலைக் காலி செய்துவிட்டு, வால் நுனியைத் தண்டில் பட்டிழையால் பதித்து, உடம்பைச் சுற்றி அரைஞாண்போல் ஓர் இழையையும் பூட்டிக்கொண்டு, தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகிறது.

உள்ளே புழு முழுவதும் கூழாய்க் கரைந்துபோக, அக்கூழிலிருந்து வேறொரு ஜீவன் உற்பத்தியாகிறது என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையிலும் பரவியிருக்கிறது, அது சரியன்று. தசைகளில் பெரும்பகுதி கரைவது உண்மையே. ஆனால் நரம்பு மண்டலம் புதிய வாழ்வுக்கேற்பத் திருத்தப்படுகிறதேயன்றி அழிந்துபோவதில்லை. சிறகுகளின் முளைகளோ புழுப் பருவத்திலேயே தோலுக்கடியில் மடிந்து காத்திருப்பவை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஸ்வாமர்டாம் என்ற டச்சு அறிஞர் புழுவை அறுத்து இதைக் காட்டினார்.

இந்த மாற்றம் எப்போது நிகழவேண்டும் என்பதை நிர்ணயிப்பவை உடலில் சுரக்கும் ஹார்மோன்களே. இளமை ஹார்மோன் என்பது உடலில் நிறைந்திருக்கும்வரை, எத்தனை முறை தோலுரித்தாலும் புழு புழுவாகவே வளரும். அது வற்றிய பின் எக்டைசோன் என்னும் மற்றொன்று சுரக்கும்போதுதான் ரூபம் மாறுகிறது. 1954-ல் ஜெர்மனியில் பூட்டெனாண்ட், கார்ல்சன் என்ற இருவர் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து இந்த எக்டைசோனைப் பிரித்தெடுத்தபோது கிடைத்தது 25 மில்லிகிராம், ஒரு நகக்கண்ணில் அடங்கும் அளவுதான்.

என்னை மிகவும் வசீகரித்தது 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பரிசோதனை. புகையிலைப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டும்போதெல்லாம் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் அவ்வாறு பழகியவை, அந்துப்பூச்சிகளாகிச் சிறகு பெற்ற பின்னும் அந்த வாசனையை விட்டு விலகின. புழு பட்ட துன்பம் பூச்சிக்கு நினைவிருந்தது! இதைப் படித்த பின், ஒன்று மாண்டு மற்றொன்று பிறக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறிவேப்பிலைச் செடியில் இந்தப் புழுவைக் கண்டால் கிளையோடு நறுக்கி எறியாதீர்கள். செடி மறுபடி தழைத்துவிடும். கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சியின் கசங்கிய ஈரச் சிறகை, உதவி செய்வதாக எண்ணித் தொடவும் வேண்டாம். தொங்கியபடி, உடலின் திரவத்தைச் சிறகின் நரம்புகளில் செலுத்தி அதுவே விரித்துக்கொள்ளும். விரியுமுன் உலர்ந்துபோன சிறகு பிறகு ஒருபோதும் விரியாது.

(தொடரும்)