பூட்டிய வீட்டுக்குள் வேறு குடும்பம்!

டோம்பிவிலி ஸ்டேஷனில் இறங்கி, கையில் பையும் மனதில் கணக்குமாக ஆட்டோ பிடித்துத் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் ஒருவர். ரிட்டையரான குமாஸ்தா. பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு வாங்கிய ஒற்றைப் படுக்கையறை வீடு. இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிவிட்டு நெல்லைப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார். மகளுக்கு வரன் குதிர்ந்திருக்கிறது. வீட்டை விற்றால்தான் கல்யாணம்.

சாவி பூட்டில் நுழையவில்லை. பூட்டே வேறு. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. மணியை அழுத்தினால் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கதவைத் திறந்து, "கோண் பாஹிஜே?" (யார் வேண்டும்?) என்று கேட்கிறார்.

"உங்க சொந்தக்காரங்கன்னுல்லா சொன்னாங்க, அண்ணாச்சி! நாங்களும் சரிதான்னு இருந்துட்டோம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

கல்யாண், அம்பர்நாத், மீரா ரோடு என்று வீடு வாங்கிப்போட்டுவிட்டு ஊருக்குப் போன நம்மவர் எவருக்கும் நேரக்கூடியது இது. அவர் வீடுதான். பத்திரம் அவர் பெயரில். சொசைட்டி ஷேர் சர்டிபிகேட்டும் அவர் பெயரில். ஆனாலும் உள்ளே போக முடியாது!

"சிவில் மேட்டர்"

முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கு. அத்துமீறி வீட்டில் நுழைவது குற்றம்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 448-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் உள்ளே இருப்பவர் ஒரு ஒப்பந்தப் பத்திரத்தையும் கேஸ் புத்தகத்தையும் காட்டிவிட்டால் போலீசார் கையை விரித்துவிடுவார்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்" என்பதே பதில். அந்தப் பத்திரம் அசலா போலியா என்பதை ஸ்டேஷனில் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

அந்த அம்மாளும் ஏமாந்தவராக இருக்கலாம் என்பது இன்னொரு பக்கம். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து வைத்து, தானே சொந்தக்காரன் என்று சொல்லி டெபாசிட் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டும் தரகர்கள் உண்டு. பணத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பம், "எங்கே போவோம்?" என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது.

நாலு ஆட்களைக் கூட்டி வரலாமா?

"நம்ம பையன்கள் நாலு பேரை அனுப்புகிறேன், சாமான்களைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் வம்பு.

அத்துமீறி வந்தவரே ஆனாலும், ஓரிடத்தில் நிலையாகக் குடியமர்ந்துவிட்டால், உரிய சட்ட நடவடிக்கை இல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நேற்று நுழைந்தவனை உடனே வெளியே தள்ளலாம். அடுப்பு மூட்டி, பெட்டி படுக்கையை விரித்து மாதக்கணக்கில் இருப்பவரைத் தள்ள முடியாது. மீறித் தள்ளினால் அவரே 1963-ம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம் 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். அந்த வழக்கில் 'வீடு யாருடையது?' என்ற கேள்வியே எழாது. 'யாரிடம் இருந்து பறிக்கப்பட்டது?' என்பதுதான் கேள்வி.

அதே 6-வது பிரிவு சொந்தக்காரருக்கும் உண்டு. பறிபோன நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். தகராறு முற்றி அமைதி கெடும் என்றால் நிர்வாக மாஜிஸ்திரேட்டும் தலையிடலாம். அங்கே கெடு இன்னும் குறைவு, இரண்டே மாதம். இரண்டு ஆண்டு கழித்து வந்தவருக்கு இரண்டு கதவும் அடைந்துபோயின. மிஞ்சுவது கல்யாண் சிவில் கோர்ட்டில் உரிமை வழக்கு. கோர்ட்டுக் கட்டணம், வக்கீல், வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊரில் இருந்து ரயில் டிக்கெட்!

ஜெயித்தாலும் அத்தோடு முடிவதில்லை. தீர்ப்பை நிறைவேற்றத் தனி மனு போட வேண்டும். அமீனா வந்து நின்றால் உள்ளே மூன்றாவது ஆள் ஒருவர், "நான் வேறு, வழக்கில் இருந்தவர் வேறு" என்பார். அதையும் விசாரிக்க வேண்டும். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவு நல்ல உத்தரவுதான்.

பழைய பம்பாயின் பயம்

இந்த நகரத்தில் வீட்டைப் பூட்டி வைக்கும் வழக்கம் சும்மா வரவில்லை. 1947-ம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நின்றது. 1973-ல் அதில் வந்த திருத்தம், அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று லைசென்சில் குடியிருந்தவர்களை எல்லாம் வாடகைதாரர் ஆக்கியது. பதினோரு மாதத்துக்கு என்று விட்டவர்கள் வீட்டையே விட்ட கதை ஆயிற்று. "காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும்" என்று பூட்டினார்கள் பலர்.

அந்த நிலை 2000 மார்ச் 31 அன்று அமலுக்கு வந்த மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு மாறியது. லைசென்ஸ் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் மீது தகுதி பெற்ற அதிகாரியிடமே மனுப் போடலாம். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் அனுமதி பெறாமல் அவர் எதிர்வாதம் செய்ய முடியாது. முடிந்த நாளில் இருந்து இரட்டிப்புக் கட்டணம் நஷ்ட ஈடு. இதைத் தெரிந்துகொள்ளாமல், அந்தக் காலத்துப் பயத்திலேயே இன்னும் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களை என்ன சொல்வது?

ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகி இருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் வரை சிறையும்கூட உண்டு. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டைத் தொலைப்பானேன்?

சர்க்கார் வீடு என்றால்...

ரயில்வே குவார்ட்டர்ஸில் ரிட்டையரான பிறகும் ஒருவர் தங்கினால் நிலைமை வேறு. 1971-ம் ஆண்டின் பொது இடங்கள் சட்டப்படி எஸ்டேட் அதிகாரியே நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, வெளியேற்றலாம். அபராத வாடகையும் போடலாம். சிவில் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை. ஆயுள் முழுதும் சர்க்கார் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

சாவி யாரிடம்?

வாட்ச்மேன், வேலைக்காரர், பார்த்துக்கொள்ளச் சொன்ன உறவினர் ஆகியோர் எத்தனை ஆண்டு இருந்தாலும் வீட்டில் உரிமை பெற மாட்டார்கள் என்று 2012-ல், கோவாவில் இருந்து போன வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அனுமதி பெற்று வந்தவர் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா? யார் அனுமதியும் இல்லாமல், வெளிப்படையாக, சொந்தக்காரருக்கு எதிராக 12 ஆண்டுகள் இருந்துவிட்டால் வழக்குப் போடும் காலம் தீர்ந்துவிடும். உரிமையும் போய்விடும்.

எனவே ஊருக்குக் கிளம்புமுன் சொசைட்டி செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, வீட்டைப் பூட்டிச் செல்வதையும் சாவி யாரிடம் என்பதையும் சொல்லி, நகலில் கையெழுத்து வாங்குவது நல்லது. சாவி வாங்கிக்கொள்பவரிடமும் ஒரு கடிதம். வீட்டு வரியையும் மின் கட்டணத்தையும் தன் பெயரிலேயே கட்டி, ரசீதுகளைப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது யாராவது நேரில் போய்ப் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

டோம்பிவிலிக்காரர் தாராவியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் தவணை கேட்டுத் தந்தி போல நாலு வரி எழுதிப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை கல்யாணில் வக்கீலைப் பார்க்க வேண்டும். சாவி மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.